நாற்பது டிகிரியில் ஒரு தண்ணீர் பாட்டில்

தண்ணீரைச் சுமக்கும் கலம் அந்தத் தண்ணீரைக் கெடுக்குமா? பிளாஸ்டிக் வருவதற்கு வெகுகாலம் முன்பே கேட்கப்பட்ட கேள்வி இது. வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளி சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது, செம்புச் சொம்பில் மோரை விட்டுவைக்கக் கூடாது என்பவை நம் அடுப்படிகளில் வழிவழியாக வந்த விதிகள். கலம் கரையக்கூடியது, எவ்வளவு கரையும் என்பது உள்ளே ஊற்றுவதைப் பொறுத்தது என்ற அறிவு அந்த விதிகளுக்குள் இருந்தது. இன்று கலங்களும் பெருகிவிட்டன, அவற்றை ஆக்கிய பொருள்களும் சிக்கலாகிவிட்டன. பதில்கள் மட்டும் ஒன்றோடொன்று முரண்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கே கிடையாது. வெள்ளாற்றில் மழைக்காலத்தில்தான் தண்ணீரைப் பார்க்க முடியும். கண்மாய்களும் ஊருணிகளும் வானத்தை நம்பியவை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடலோரத்து நிலத்தடி நீர் உவர்க்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் நூறுநாள் வேலைக்குப் போகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், ஜெகதாப்பட்டினத்தில் படகேறுகிறவர் எல்லாரும் தண்ணீரைக் கையோடு எடுத்துத்தான் போகிறார்கள். 2019 ஜனவரி முதல் தேதி தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. தண்ணீர்ப் பாக்கெட்டும் அதில் சேர்த்தி. 2025-இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் 'வாட்டர் பெல்' வந்தது. குழந்தை ஒவ்வொன்றின் பையிலும் ஒரு பாட்டில் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. அந்தப் பாட்டிலைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது, எங்கே தயங்குகிறது என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலிக்கூண்டிலிருந்து வந்த எச்சரிக்கை

பிஸ்பினால் ஏ என்னும் பி.பி.ஏ.வை 1891-இல் ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாண்டர் தியானின் முதலில் உருவாக்கினார். 1936-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ், பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல் நடக்கும் செயற்கைப் பொருள்களைத் தேடியபோது பி.பி.ஏ.வுக்கும் அந்தக் குணம் இருப்பதைக் கண்டார். அதைவிட வீரியமான வேறு பொருள் கிடைத்ததால் மருந்தாக இது எடுபடவில்லை. 1953-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஒரே காலத்தில் பாலிகார்பனேட் பிறந்தது. கண்ணாடி போல் தெளிவு, கீழே போட்டாலும் உடையாத உறுதி. அதன் அடிப்படைக் கல் பி.பி.ஏ.தான். ஆக, ஹார்மோனைப் போல் நடக்கும் பொருள் என்று தெரிந்து பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான் அது பாட்டிலானது. இந்தக் கால வரிசையைப் பலரும் கவனிப்பதில்லை.

எச்சரிக்கை தற்செயலாக வந்தது. 1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பெட்ரீசியா ஹன்ட் என்ற மரபியலாளரின் ஆய்வகத்தில், எலிகளின் பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் காரம் மிகுந்த தவறான சோப்பால் கழுவிவிட்டார்கள். பிளாஸ்டிக் அரிக்கப்பட்டது. ஆய்வில் எந்த மருந்தும் தரப்படாத எலிகளின் கருமுட்டைகளில்கூடக் குரோமோசோம் பிறழ்வுகள் திடீரெனக் கூடின. காரணம் பி.பி.ஏ. என்று நிறுவிய கட்டுரை 2003-இல் வெளிவந்தது. மறுபடி மறுபடி நிரப்பும் பாட்டில் பற்றிய நவீன விவாதத்துக்கு அதுவே பெரிய உந்துதல்.

மனிதரிடம் என்ன நடக்கிறது? 2009-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 77 மாணவர்களை ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானங்களைக் குடிக்கச் செய்தார்கள். அவர்களின் சிறுநீரில் பி.பி.ஏ. அளவு ஏறத்தாழ 69 விழுக்காடு உயர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சின்சினாட்டியில் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: புதுப் பாட்டிலுக்கும் பழைய பாட்டிலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் கொதிநீர் ஊற்றினால் பி.பி.ஏ. வெளியேறும் வேகம் 15 முதல் 55 மடங்கு வரை கூடியது. நார்வேயில் 2003-இல் நடந்த சோதனையோ தேய்த்தும் கொதிக்கவைத்தும் கழுவியும் பழசான பால்புட்டிகளில் கசிவு கூடியதாகச் சொல்கிறது. பாட்டிலின் வயது குறித்து முடிவுகள் மாறுபடுகின்றன. வெப்பம் குறித்து ஏறத்தாழ ஒருமித்த கருத்து உண்டு.

எவ்வளவு என்பதில்தான் சண்டை

பி.பி.ஏ. கசிகிறது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எந்த அளவு தீங்கு செய்யும் என்பதில் உலகின் பெரிய ஒழுங்குமுறை அமைப்புகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் மறுக்கின்றன. அறிவியல் வரலாற்றில் இப்படியொரு விரிசல் அரிது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006-இல் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் வரை ஏற்கலாம் என்றது. 2015-இல் அதைத் தற்காலிகமாக 4 மைக்ரோகிராமாகக் குறைத்தது. 2023 ஏப்ரலில் 0.2 நானோகிராம் என்று, இருபதாயிரத்தில் ஒரு பங்காக இறக்கியது. எலிகளில் நோயெதிர்ப்பு அணுக்களின் ஒரு வகை மாறியதை அடிப்படையாக வைத்த முடிவு அது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அந்த அடிப்படையை ஏற்காமல் 200 நானோகிராம் என்று தனி அளவை வைத்தது. அதுவே ஐரோப்பிய அளவைப்போல் ஆயிரம் மடங்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமோ இப்போதைய பயன்பாடு பாதுகாப்பானது என்ற நிலைப்பாட்டில் நிற்கிறது. ஆனாலும் 2012-இல் பால்புட்டிக்கும் சிப்பர் கோப்பைக்கும் அளித்திருந்த அனுமதியை விலக்கிக்கொண்டது.

இந்தச் சண்டையின் வேர் 'சிறு அளவு' பற்றிய கருத்து வேறுபாட்டில் இருக்கிறது. நஞ்சியலின் பழைய விதிப்படி அளவு குறையக் குறையத் தீங்கும் குறையும். சுரப்பியியல் ஆய்வாளர்களோ, ஹார்மோன்கள் மிகச் சிறு அளவிலேயே வேலை செய்பவை என்பதால் அவற்றைப் போல் நடிக்கும் பொருளுக்கும் அந்த விதி பொருந்தாமல் போகலாம் என்கிறார்கள். இரு தரப்பிலும் வலுவான சான்றுகள் உண்டு. பலவீனங்களும் உண்டு: ஒரு தரப்பின் ஆய்வுகளில் எலிகளின் எண்ணிக்கை சிறியது, மறு தரப்பின் வழக்கமான சோதனைகள் நுட்பமான மாற்றங்களைத் தேடுவதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருள்களில் பி.பி.ஏ.வைத் தடைசெய்து, பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜூலை வரை அவகாசம் கொடுத்தது.

இந்தியாவில் 2015-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 14625 தரம், பிளாஸ்டிக் பால்புட்டியில் பி.பி.ஏ. இருக்கக் கூடாது என்கிறது. அதன் பிறகும் சந்தையில் வாங்கிய பால்புட்டிகளில் பி.பி.ஏ. இருந்ததாக டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற தன்னார்வ அமைப்பு அறிக்கை வெளியிட்டது. பள்ளிக் குழந்தையின் தண்ணீர்ப் பாட்டிலோ, வீட்டுக்கு வீடு வரும் 20 லிட்டர் கேனோ அந்தத் தரத்துக்குள் வருவதில்லை. கேன்களில் கணிசமானவை பாலிகார்பனேட்டால் ஆனவை. திறந்த வண்டியில் வெயிலோடு வெயிலாகப் போய்த் திரும்ப நிரப்பப்படுகிறவை. பி.பி.ஏ. விவாதத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் முதலில் பேச வேண்டியது அந்தக் கேனைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

'பி.பி.ஏ. இல்லை' என்ற முத்திரைக்குப் பிறகு

அச்சம் பரவியதும் 'பி.பி.ஏ. ஃப்ரீ' என்ற ஒட்டுத்தாள் வந்தது. அது உண்மையாகவே இருந்தாலும் ஒரு பொருள் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. அதன் இடத்தில் என்ன வந்தது என்பதைச் சொல்வதில்லை. சில பொருள்களில் பிஸ்பினால் எஸ், பிஸ்பினால் எஃப் ஆகிய உறவுக்காரப் பொருள்கள் வந்தன. அவற்றின் ஹார்மோன் போன்ற செயலும் பி.பி.ஏ.வுக்கு நிகரானதே என்று 2015-இல் வெளிவந்த மீளாய்வு ஒன்று முடிவு செய்தது. தண்ணீர்ப் பாட்டில்களில் பெரிதும் வந்தது டிரைடான் என்ற வேறு குடும்பப் பிளாஸ்டிக். பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள்களைக் கசியவிடுகின்றன என்று 2011-இல் டெக்சஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். டிரைடான் தயாரிக்கும் ஈஸ்ட்மன் நிறுவனம் வழக்குப் போட்டது. 2013-இல் நடுவர் குழு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத் தீர்ப்பு ஆய்வகச் சான்றுக்கு மாற்றாகாது. அதேபோல் வழக்கு நடந்தது என்பதற்காக அந்தப் பிளாஸ்டிக் தீயது என்றும் ஆகிவிடாது.

இந்தப் பகுதியில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது 2022-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு. விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தும் மென்மையான பாட்டில்களில் குழாய்த் தண்ணீரை 24 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக்கிலிருந்து 400-க்கும் மேற்பட்ட பொருள்கள் தண்ணீரில் இருந்தன. பாட்டிலை இயந்திரத்தில் கழுவியபோது சோப்பிலிருந்து மட்டும் 3,500-க்கும் மேல் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்னதென்றே அடையாளம் தெரியாதவை. தெரிந்தவற்றிலும் பலவற்றின் நச்சுத்தன்மை ஆராயப்படாதது. இத்தனையும் தீங்கு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தடைசெய்து எப்போது முடிப்பது என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டது. நம் வீடுகளில் பாத்திரம் கழுவும் இயந்திரம் அரிது. விம் பாரும் கம்பிநாரும் உண்டு, குறுகிய வாய்ப் பாட்டிலுக்குள் அரிசியும் உப்பும் போட்டுக் குலுக்கும் வழக்கம் உண்டு. உட்சுவரில் கீறல் விழும் இந்தக் கழுவுமுறைகளை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

கலர் பாட்டிலைத் திரும்ப நிரப்பினால்

தண்ணீர் கொண்டுபோகவென்றே விற்கும் பாட்டிலை எல்லாராலும் வாங்க முடிவதில்லை. வயலிலும் சாலை வேலையிலும் அதிகம் தென்படுவது குளிர்பானம் வந்த 'பெட்' பாட்டில்தான். அதைப் பற்றிய அச்சங்களில் ஒரு பகுதி வதந்தி. மறுபயன்பாட்டால் புற்றுநோய் வரும் என்ற செய்தியின் ஒரு கிளை, 2001 வாக்கில் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் முதுநிலை ஆய்வேட்டிலிருந்து கிளம்பியது. உறையவைத்தால் டையாக்சின் வரும் என்ற செய்தி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பெயரில் சுற்றியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளரே 2004-இல் அதை மறுத்தார். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதும் தவறான வழி. 1988-இல் குப்பையைத் தரம்பிரிக்க வந்த எண் அது. பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது.

வதந்திகளை விலக்கினால் மிஞ்சுவது ஆன்டிமனி. பெட் தயாரிப்பில் வினையூக்கியாகச் சேர்க்கப்படும் தனிமம் அது. அரிசோனாவில் 2008-இல் வெளியான ஆய்வு, அமெரிக்கக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமை எட்ட எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டது. 60 டிகிரி செல்சியஸில் 176 நாள், 70-இல் 12 நாள், 80-இல் 2.3 நாள். சாதாரண வெப்பத்தில் கவலைப்பட ஏதுமில்லை என்று இதை வாசிக்கலாம். வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் காலம் சரசரவென்று சுருங்குகிறது என்றும் வாசிக்கலாம். இரண்டுமே சரி.

இந்தியாவில் பெட் பற்றிய விவாதம் மருந்துப் புட்டியிலிருந்து தொடங்கியது. குழந்தைகள், முதியோர், கருவுற்றோர் ஆகியோருக்கான திரவ மருந்துகளைப் பெட்டில் அடைக்கத் தடை விதிக்கும் வரைவை 2014-இல் மத்திய அரசு வெளியிட்டது. பின்னர் எம்.கே. பான் தலைமையிலான குழு, தீங்குக்கு உறுதியான சான்று இல்லை என்றது. 2016-இல் கொல்கத்தா அகில இந்தியச் சுகாதார நிறுவனத்தின் சோதனை, பெட்டில் அடைத்த குளிர்பானங்களில் ஆன்டிமனி, ஈயம், தாலேட் ஆகியவை இருந்ததாகச் சொன்னது. 2018-இல் வந்த உணவுப் பொதியல் ஒழுங்குமுறை, கலத்திலிருந்து உணவுக்குள் புகக்கூடிய ஆன்டிமனிக்குக் கிலோவுக்கு 40 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 20 மைக்ரோகிராம். தண்ணீருக்கு ஒரு வரம்பு, கலத்துக்கு அதைவிடத் தாராளமான வரம்பு என்பது விளக்கம் கேட்கும் நிலை.

இங்கேதான் புதுக்கோட்டையின் வெயில் விவாதத்துக்குள் வருகிறது. சாதாரண வெப்பத்தில் நெடுநாள் வைக்கும் பிளாஸ்டிக் கலத்தை 40 டிகிரியில் பத்து நாள் வைத்துச் சோதிப்பது நம் ஐ.எஸ். 9845 தரத்திலும் ஐரோப்பிய விதியிலும் உள்ள முறை. இருபது இருபத்தைந்து டிகிரி அறையில் வாழும் நாட்டுக்கு 40 என்பது கடுமையான சோதனை. கத்திரி வெயிலில் இங்கே நிழலிலேயே 40-ஐத் தொடும் நாள்கள் உண்டு. பூட்டிய வேனுக்குள், வண்டியின் பெட்டிக்குள், வரப்பில் கிடக்கும் பைக்குள் அதற்கும் மேலே போகும். ஐரோப்பாவில் ஆறு மாதத்துக்கு மேல் சேமிப்பதற்கு 60 டிகிரிச் சோதனையும் உண்டு. அதைப் பள்ளிப் பாட்டிலுக்கும் கேனுக்கும் இங்கே கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பது மிகையாகாது. மீண்டும் பயன்படுத்தும் கலத்தை ஐரோப்பிய விதிப்படி மும்முறை சோதித்து மூன்றாவது முடிவைக் கொள்கிறார்கள். கசிவு போகப் போகக் குறையும் என்ற எதிர்பார்ப்பு அதன் பின்னே இருக்கிறது. மூன்று கோடை கண்ட பாட்டிலுக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

உலோகத்தின் பக்கம்

பிளாஸ்டிக்கிலிருந்து விலகுகிறவர்கள் உலோகத்துக்குத்தான் வருகிறார்கள். உலோகம் என்றாலே கவலையில்லை என்ற எண்ணத்துக்கு இந்தியாவிலேயே ஒரு துயரமான மறுப்பு உண்டு. கைக்குழந்தைகளின் கல்லீரல் சுருங்கி உயிரைப் பறித்த ஒரு நோயை மருத்துவ நூல்கள் இந்தியக் குழந்தைப் பருவக் கல்லீரல் சுருக்கம் என்றே பெயரிட்டுக் குறித்தன. பித்தளையிலும் செம்பிலும் காய்ச்சி வைத்த பாலின் வழியே ஏறிய தாமிரத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1983-இல் டேனர் என்ற ஆய்வாளரும் புனே மருத்துவர்களும் முன்வைத்தார்கள். பிறவிக் கூறும் சேர்ந்திருக்கலாம் என்ற வாதம் இன்னும் முடியவில்லை. பாத்திரங்கள் எவர்சில்வருக்கு மாறிய காலத்தில் நோயும் ஏறத்தாழ மறைந்துபோனது.

இன்று செம்புப் பாட்டில் ஆரோக்கியப் பொருளாகத் திரும்பி வந்திருக்கிறது. அதற்கும் சான்று உண்டு. பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரை, செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்ததையும், கரைந்த தாமிரம் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள் இருந்ததையும் காட்டியது. அது வெறும் தண்ணீரில் நடந்த சோதனை. மோர், எலுமிச்சைச் சாறு, நீராகாரம் ஆகியவற்றுக்கு அந்த முடிவை நீட்டிக்க முடியாது. அடுப்படியின் பழைய விதி அங்கே இன்றும் செல்லும்.

எவர்சில்வரில் கேள்வி தரத்தைப் பற்றியது. 304 வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். மலிவான 200 வரிசையில் நிக்கலின் பெரும்பகுதிக்குப் பதில் மாங்கனீசு. அரிப்பைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு. காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது இரண்டையும் பிரித்துக் காட்டாது. உப்புத் தண்ணீர் எவர்சில்வரைப் புள்ளிப் புள்ளியாக அரிக்கும் என்பதால் கடலோர ஊர்களில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. அலுமினியத்தில் சிக்கல் உட்பூச்சில். சிக் என்ற சுவிஸ் நிறுவனத்தின் பாட்டில்களில் 2008 ஆகஸ்டுக்கு முன் பூசிய பூச்சில் பி.பி.ஏ. இருந்ததை அந்நிறுவனமே அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டது. சூடு தாங்கும் இரட்டைச் சுவர்க் குடுவைகள் சிலவற்றின் அடியில் அடைப்புக்கு ஈயம் பயன்படுகிறது. 2024-இல் ஸ்டான்லி நிறுவனம் இதை உறுதிப்படுத்தியது. அந்த அடைப்பை மூடும் அடிமூடி கழன்றாலன்றித் தண்ணீரோடும் கையோடும் தொடர்பில்லை என்றும் சொன்னது.

செம்பு, எவர்சில்வர், அலுமினியக் குடிநீர்ப் பாட்டில்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2023-இல் வந்தது. தரத்தின் எண் ஐ.எஸ். 17803. உலோகப் பாட்டிலுக்கு இப்படி ஒரு கதவு போட்டாயிற்று. சந்தையில் வெறுமையாக விற்கும் சாதாரணப் பிளாஸ்டிக் பாட்டிலோ, உணவை அடைத்து விற்பவரைக் கட்டுப்படுத்தும் விதிகளின் ஓரத்தில் நிற்கிறது.

மண்கலத்துக்கு இங்கே தனி மரபு உண்டு. அய்யனார் கோயில் குதிரைகளை வனையும் வேளார் குடும்பங்களின் கையில் இன்றும் அது இருக்கிறது. பூச்சில்லாத சுட்ட மண்ணில் கவலை குறைவு. பளபளப்புப் பூச்சு இருந்தால் அதில் ஈயம் உண்டா என்று கேட்க வேண்டும்.

நுண்துகள்கள்

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு 2024-இல் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 2,40,000 பிளாஸ்டிக் துகள்களை எண்ணியது. பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவு. டப்ளினில் 2020-இல் பாலிபுரொப்பிலீன் பால்புட்டிகளில் சுடுநீர் ஊற்றிக் குலுக்கியபோது லிட்டருக்கு 1.62 கோடி வரை போனது. எண்ணிக்கை அச்சமூட்டுகிறது. உடலுக்குள் அவை என்ன செய்கின்றன என்பதற்குச் சான்று இன்னும் தொடக்க நிலையில்தான். இங்கேயும் எண்ணிக்கையை ஏற்றுவது வெப்பமே.

அவசரம் எதில்

வேதியியல் அச்சமே பெரிதாகிவிடக் கூடாது என்று வாதிடும் தரப்பும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கழுவாத பாட்டிலின் மூடித் திருகில் வளரும் கிருமி இந்த வாரமே குழந்தையைப் படுக்கவைக்கும். நுண்ணளவு பி.பி.ஏ. பற்றிய கேள்வி பல ஆண்டுகளுக்கானது. தண்ணீரின் மூலமே பாழானால் கலத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? 2022 டிசம்பரில் இந்த மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்த கொடுமை அந்தக் கேள்வியைத் தாங்க முடியாத வடிவில் முன்வைத்தது. பொதுக் குழாய் மீதான நம்பிக்கை உடையும்போதுதான் கேனுக்கும் பாட்டிலுக்கும் கை நீள்கிறது.

நேரடி நஞ்சும் உண்டு. பூச்சிமருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணீருக்கு வைத்துக்கொள்வது, பினாயிலையோ ஆசிட்டையோ தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைப்பது ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பி.பி.ஏ. விவாதம் மிகத் தொலைவானது. 1971-இன் பூச்சிக்கொல்லி விதிகள் காலிக் கலங்களை உடைத்துப் புதைக்கச் சொல்கின்றன. ஊர்ப்புறத்தில் உறுதியான கேன் ஒன்றை உடைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. மருந்துக் கடையே காலிக் கேனைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினால் இது மாறலாம்.

இன்னும் திறந்திருப்பவை

சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். நல்ல தர எவர்சில்வருக்கு எதிரான சான்றுகள் மிகக் குறைவு. எந்தப் பிளாஸ்டிக்கிலும் சூடானதை ஊற்றுவதும் வெயிலில் நெடுநேரம் வைப்பதும் கசிவைக் கூட்டும். பாலிகார்பனேட்டைக் குழந்தைகளிடமிருந்து விலக்கியதை எதிர்ப்பவர் இன்று அரிது.

பி.பி.ஏ.வின் பாதுகாப்பான அளவு எது என்பது திறந்தே கிடக்கிறது. ஐரோப்பாவும் ஜெர்மனியும் ஆயிரம் மடங்கு விலகி நிற்கும்போது வெளியிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான பொருள்கள் சேர்ந்து உடலில் என்ன செய்யும் என்பதற்கு முறையே உருவாகவில்லை. மூன்றாவது கேள்வி நம்முடையது. நாற்பது டிகிரி வெயிலில் ஆண்டுக்கணக்கில் புழங்கி, கீறி, மங்கிப்போன பாட்டிலிலிருந்து என்ன வருகிறது? திருமயத்திலும் அறந்தாங்கியிலும் குழந்தைகள் கையில் இருக்கும் பழைய பாட்டில்களைச் சேகரித்து, உள்ளூர்த் தண்ணீரையே ஊற்றி, உள்ளூர் வெயிலிலேயே வைத்துச் சோதித்தால் பதிலின் ஒரு பகுதி கிடைக்கும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்று தஞ்சாவூரிலேயே இருக்கிறது. வெறும் பாட்டிலைச் சோதிக்கும் பொறுப்பு எந்தத் துறையின் மேசைக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.